கீழ்க்கணக்கு அரைப்பேரைக் காட்டிக்கொடுத்த போர்மெட்டர்

ஹட்டனில் வீட்டிலிருந்தபடியே வெப் வேலை செய்கிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு தோட்டத்தின் கொழுந்துக் கணக்கு: மடுவத்தில் நிறுக்கும் கிலோ, முழுப்பேர் (முழு நாள் பதிவு), அரைப்பேர் (அரை நாள் பதிவு), மாதக் கடைசியில் சம்பளம். எனக்கு முன் செய்தவர் டேட்டாபேஸிடம் கணக்குக் கேட்கும் எஸ்கியூஎல் குவெரிகளை பிஎச்பி கோடுக்குள் புள்ளி வைத்து ஒட்டி ஒட்டி ஒரே வரியாக விட்டுப் போயிருந்தார். லொக்கைத் திறந்தால் வரி திரையைத் தாண்டி ஓடும்.

அந்தத் தொல்லைக்குத்தான், குவெரியை வரி வரியாகப் பிரித்து அடுக்கித் தரும் டொக்ட்ரின் எஸ்கியூஎல் போர்மெட்டரைப் போட்டேன். முதலில் ஜெரமி டோர்ன் எழுதிய லைப்ரரி. இப்போது டொக்ட்ரின் குழு தனியாகப் பிரித்துப் பராமரிக்கிறது. பிஎச்பி லைப்ரரிகளை இறக்கித் தரும் கொம்போசரில் ஒரே வரி. வேறு லைப்ரரி எதையும் கூட இழுத்து வராது. மழை பெய்தால் சிக்னல் விழுந்துவிடும் எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம்.

போட்ட வாரமே வேலை காட்டியது. மேல்கணக்கு (தோட்டத்தின் ஒரு டிவிஷன், கீழ்க்கணக்கு இன்னொன்று) ரிப்போர்ட்டில் பேர் கூடி வந்தது. கணக்கப்பிள்ளை செக்ரோலோடு (பேர் பதியும் புத்தகம்) ஒப்பிட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். அந்தக் குவெரியை நான் நாலு தடவை படித்திருப்பேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. போர்மெட்டரில் போட்டதும் நிபந்தனை தொடங்கும் வேர் (WHERE) என்ற சொல்லுக்குக் கீழே மூன்று வரி நின்றது: டிவிஷன் மேல்கணக்கு, அண்ட் (AND) முழுப்பேர், ஓர் (OR) அரைப்பேர். அண்டும் ஓரும் ஒரே நேரில். அட, அடைப்புக்குறி இல்லை! அண்ட் முதலில் சேர்ந்துகொள்ளும், ஓர் தனியே நிற்கும். அதனால் கீழ்க்கணக்கு அரைப்பேர் எல்லாம் இங்கே வந்து குந்தியிருக்கிறது. அடைப்புக்குறி போட்டு மறுபடி ஓட்டினேன், ஓர் வரி ஒரு படி உள்ளே தள்ளிப் போனது. கணக்கும் சரியாக வந்தது.

நிறம் தீட்டுவதும் பரவாயில்லை. செலக்ட், ஃப்ரம் எல்லாம் தடித்த எழுத்து, மேற்கோளுக்குள் உள்ளது நீலம், எண் பச்சை. ஆனால் வெள்ளைப் பின்னணியை அதுவே கொண்டு வருகிறது. என் பக்கம் கறுப்பு என்பதால் நடுவில் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது. நிறம் தீட்டும் ஹைலைட்டரைக் கோடில் உருவாக்கும்போதே நமக்கு வேண்டிய ஸ்டைலைக் கொடுத்தால் மாறிவிடும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பின்னேரம் போனது வேறு கதை.

இன்னொன்று, இது குவெரி சரியா பிழையா என்று பார்க்காது. சொல் சொல்லாக வெட்டி அடுக்குவதோடு சரி. இல்லாத டேபிளின் பெயரைக் கொடுத்தாலும் அழகாக அடுக்கித் தரும். அடைப்புக்குறி மூடாமல் விட்டால் மட்டும் கடைசியில் சிவப்பில் ஒரு எச்சரிக்கை போடும். குவெரியில் மதிப்புக்குப் பதிலாகக் கேள்விக்குறி வைத்த இடத்தில் உண்மையான மதிப்பையும் நிரப்பாது. அதை நீங்கள்தான் பக்கத்தில் அச்சடித்துக்கொள்ள வேண்டும்.

லைவ் சேர்வரில் நான் வைக்கவில்லை, என் மெஷினில் மட்டும்தான். தொழிலாளியின் பெயரும் சம்பளமும் உள்ள குவெரியை யாரும் பார்க்கும் பக்கத்தில் வண்ணம் தீட்டிக் காட்டுவானேன்?

எம்ஐடி உரிமம், காசு இல்லை. பழைய ஆளின் குவெரிகள் இன்னும் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. இன்றைக்கு மேலதிக கிலோக் கணக்கை இதில் போட்டுப் பார்க்கப் போகிறேன். அதிலும் ஒரு ஓர் இருக்கிறது.