விரிவுரையா, நேர்ப் பயிற்சியா?

ஆட்டிசம் உள்ள பதின்பருவத்தினரின் மனநலத்தை முதுநிலைப் பயிற்சி மருத்துவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது? விரிவுரை என்றால் ஒரு மணி நேரத்தில் ஒரு வகுப்புக்கே சொல்லிவிடலாம். இந்தப் பிள்ளைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறும் உண்டு என்ற 2011 ஆய்வுத் தொகுப்பின் கணக்கு மனதில் பதியும். சரி, அந்தப் பதற்றம் பார்க்க எப்படி இருக்கும்?

அது பிள்ளையோடு நேரில் உட்காரும் பயிற்சியில்தான் பிடிபடும். "மனசு எப்படிப்பா இருக்கு?" என்றால் 15 வயதுப் பையன் தரையைப் பார்க்கிறான், அம்மா பதில் சொல்கிறார். சத்தம் தொந்தரவாக இருக்குமென்று மின்விசிறியை நிறுத்திவிட்டு, "நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினே?" என்றால், "3.40" என்கிறான். இதைக் கேட்காமல் எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் தலையில் கட்டிவிட்டு, பதற்றத்தையும் மனச்சோர்வையும் கோட்டைவிடுபவர்கள் நிறைய.

நேர்ப் பயிற்சி நேரம் தின்னும், மூத்த மருத்துவரும் கூட இருக்கவேண்டும். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான்.