இழப்பீட்டுப் பணம் கைக்கு வந்தால்: ரொக்கம், வைப்புத்தொகை, அரசாங்கப் பத்திரம், சேமநிதி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம் கைமாறி ஆட்குறைப்பு நடந்தால், வாழ்நாளில் பார்த்திராத தொகை ஒரே நாளில் தொழிலாளியின் கைக்கு வருகிறது. 1980ஆம் ஆண்டின் பணிநீக்க இழப்பீட்டு விதிகளின்படி, 5 ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு 20 நாள் சம்பளம். 20 ஆண்டு பால் வெட்டியவருக்கு 400 நாள் சம்பளம். அந்த வாரம் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் குறைவதில்லை. வங்கி நல்லது என்கிறார் ஒருவர், கையிலேயே வைத்திரு என்கிறார் இன்னொருவர், மூன்றாமவர் மாதம் 10 விழுக்காடு தரும் திட்டம் ஒன்றோடு வருகிறார்.

மூன்றாமவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அனுமதியில்லாத திட்டங்களின் எச்சரிக்கைப் பட்டியலை நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிட்டு வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகவும் அவரை நம்ப வேண்டாம். கூட்டுப் பணம், அதாவது சீட்டு, பிடிப்பதும் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பிடிப்பவர் ஓடிவிட்டால் போலீசில் சொல்லவே தயங்க வேண்டியிருக்கும்.

ரொக்கம், வைப்புத்தொகை, அரசாங்கப் பத்திரம், ஊழியர் சேமநிதி ஆகிய நான்கையும் ஒப்பிட ஒரே அளவுகோல் போதும். நான்குமே கடன்தான்; நாம் கொடுத்தவர், எதிர்ப்பக்கம் இருப்பவர் வாங்கியவர். நம் மளிகைக் கடைகளில் இன்றும் புழங்கும் 555 நோட்டுப் புத்தகத்தில் தேதி, சாமான், தொகை என மூன்றும் இருக்கும். மாதக் கடைசியில் கடைக்காரரும் வாங்கியவரும் அதைப் பார்த்தே கணக்கு முடிப்பார்கள். அரசாங்கப் பத்திரமும் அதே வகைதான். யார் கடன்பட்டவர், எப்போது தருவார், அவரால் முடியாவிட்டால் யார் தருவார்? வட்டி எவ்வளவு என்பது அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்வி.

ரொக்கத்தில் தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பெரியவர்கள் அதிகம் நம்புவது அதைத்தான். ரிங்கிட் நோட்டை வெளியிடுவது பேங்க் நெகாரா. கவர்னரின் கையெழுத்து இருக்கும், தவணைத் தேதி இருக்காது, வட்டியும் கிடையாது. நோட்டு கையில் இருந்தால் பயமில்லை என்பது இந்த மண்ணின் அனுபவத்துக்கு ஒத்துவராத பேச்சு. ஜப்பான்காரன் காலத்தில் 1942 முதல் 1945 வரை அச்சடித்த வாழைமர நோட்டு, சண்டை முடிந்ததும் வெறும் காகிதமானது. அது போர்க்காலம் என்று தள்ளிவிடலாம். 1967இல் போர் இல்லையே! அந்த ஆண்டு ஜூனில் பேங்க் நெகாரா புதிய நோட்டுகளை வெளியிட்டது. பழைய மலாயா வெள்ளியும் கூடவே புழக்கத்தில் இருந்தது. நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தபோது, பவுண்டோடு கட்டிப்போட்டிருந்த பழைய நோட்டும் சரிந்து, பழைய ஒரு வெள்ளி புதிய பணத்தில் 85 காசு ஆனது. புதிய நோட்டாக மாற்றிக்கொண்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பழையதைப் பெட்டியில் பூட்டி வைத்த ஏழைகள்தாம் இழந்தார்கள். பினாங்கில் கடையடைப்பு வெடித்துக் கலவரமானது. பிறகு, 1999 ஜூலை 1 முதல் 500, 1000 ரிங்கிட் நோட்டுகளும் செல்லாமல் போயின. வீட்டில் ஒரு மாதச் செலவுக்கு மேல் ரொக்கம் வைக்காதீர்கள். திருட்டைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை.

நிரந்தர வைப்புத்தொகையில் கடன்பட்டவர் வங்கி. வங்கி நொடித்தால் பிடாம் என்னும் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் ஒரு வங்கிக்கு, ஒருவருக்கு 2,50,000 ரிங்கிட் வரை தரும். தோட்டத் தொழிலாளியின் தொகை பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ஆகவே பாதுகாப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை வட்டியில்தான் இருக்கிறது. பேங்க் நெகாராவின் பணக் கொள்கைக் குழு ஆண்டுக்கு 6 முறை கூடி ஓபிஆர் என்னும் கொள்கை வட்டி விகிதத்தை அறிவிக்கிறது. கோவிட் காலத்தில் 2020 ஜூலையில் அது 1.75 விழுக்காடாக இருந்தது, 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டுக்கு ஏறியது, 2025 ஜூலையில் 2.75 ஆகக் குறைந்தது. வைப்புத்தொகை வட்டி இதன் பின்னாலேயே போகும். தவணை முடிவதற்கு முன் எடுத்தால் அதுவும் குறையும். வங்கி முகப்பில் ஒன்றைக் கவனியுங்கள்: வைப்புத்தொகை போடப் போனவரிடம் யூனிட் டிரஸ்ட் என்னும் கூட்டு முதலீட்டுத் திட்டத்தின் படிவத்தை நீட்டுவதுண்டு. யூனிட் டிரஸ்டுக்கு பிடாம் பாதுகாப்பு இல்லை. "இதற்கு பிடாம் உண்டா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அரசாங்கப் பத்திரத்தில் கடன்பட்டவர் அரசாங்கமே. 3 ஆண்டு முதல் 30 ஆண்டு வரையிலான பத்திரங்களை அதன் சார்பில் பேங்க் நெகாரா ஏலத்தில் விற்கிறது. ஏலம் கேட்பவை முதன்மை முகவர்களான பெரிய வங்கிகள். நம் சாலையோரக் கடைக்காரரோ ஓய்வுபெற்ற மண்டோரோ அந்த ஏலத்துக்குப் போக முடியாது. பொதுமக்களுக்கென்று எப்போதாவது ஒரு வெளியீடு வரும். 2020இல் வந்த சுக்குக் பிரிஹாத்தின் என்னும் இஸ்லாமிய முறைப் பத்திரம் அப்படிப்பட்டது: குறைந்தது 500 ரிங்கிட், 2 ஆண்டுத் தவணை, ஆண்டுக்கு 2 விழுக்காடு இலாபம். 50 கோடி ரிங்கிட் எதிர்பார்த்த இடத்தில் 66 கோடிக்கு மேல் சேர்ந்தது. விற்பனை மின்னியல் வழியில்தான் நடந்தது. இணைய வங்கிக் கணக்கே இல்லாத நம் வீட்டுப் பாட்டிகளுக்கு அந்த வாசல் திறக்கவே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். நாட்டுக்குக் கைகொடுக்க வாங்கியவர்களை மதிக்கிறேன். ஆனால் 2021ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்: 10,000 ரிங்கிட்டுக்கு அந்தப் பத்திரம் 200 ரிங்கிட் தந்தது. சேமநிதியின் வழக்கமான (ஷரியா முறை அல்லாத) கணக்கு 6.10 விழுக்காடு அறிவித்ததால் அதே தொகைக்கு அங்கே 610 ரிங்கிட்.

"அரசாங்கமே ஒரு டிரில்லியன் கடனில் இருக்கிறதாமே, தம்பி, அதை நம்பலாமா?" என்று ஓர் அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. 2018இல் புதிய அரசாங்கம் இந்த எண்ணைச் சொன்னபோது நாடே பதறியது. 2017 இறுதியில் கூட்டரசின் நேரடிக் கடன் 686.8 பில்லியன் ரிங்கிட். அதோடு அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்த கடன்களையும் நீண்டகாலக் குத்தகைக் கட்டணங்களையும் கூட்டித்தான் 1,087.3 பில்லியன் என்றார்கள். இரண்டு எண்ணும் உண்மை. எதைக் கூட்டினார்கள் என்பதில்தான் வேறுபாடு. மேடையில் ஒரு தொகை கேட்டால் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். கூட்டரசின் நேரடிக் கடன் மட்டுமே ஒரு டிரில்லியனைத் தாண்டியது அதற்குப் பிறகுதான். அதன் பெரும்பகுதி ரிங்கிட்டிலேயே வாங்கியது, உள்நாட்டிலேயே கொடுத்தது.

கொடுத்தவர்களில் முதல் வரிசையில் இருப்பது ஊழியர் சேமநிதி வாரியம், அதாவது நம் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணம். சேமநிதி வைத்திருக்கும் தொழிலாளி ஏற்கெனவே அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்தவர்தான். தனியாகப் பத்திரம் கிடைக்கவில்லையே என்று அவர் ஏங்க வேண்டியதில்லை. பங்கு, நிலம், வெளிநாட்டு முதலீடு எல்லாம் கூடவே இருப்பதால் வருமானமும் கூடுகிறது: 2023இல் 5.50, 2024இல் 6.30 விழுக்காடு. வழக்கமான கணக்குக்குக் குறைந்தது 2.5 விழுக்காடு தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதற்கு மேல் வருவது அந்தந்த ஆண்டின் நிலவரம்.

என் தேர்வு சேமநிதிதான். ஆனால் வயதைப் பார்த்துப் போட வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குக் கீழ் உள்ளவர் போடும் பணத்தில் 75 விழுக்காடு ஓய்வுக்காலக் கணக்கில் பூட்டப்படுகிறது. 15 விழுக்காட்டை வீடு, மருத்துவம் போன்றவற்றுக்கு எடுக்கலாம். நினைத்தபோது எடுக்கக்கூடியது 10 விழுக்காடு மட்டுமே. 55க்குப் பிறகு புதிதாகச் சேர்வது 60 வரை நிற்கும். 45 வயதில் வேலை இழந்தவர் இழப்பீடு முழுவதையும் அங்கே போட்டுவிட்டு, அடுத்த மாத வாடகைக்கு அலையக் கூடாது. அவர் ஓராண்டுச் செலவை வைப்புத்தொகையில் வைத்துவிட்டு மிச்சத்தை அனுப்பட்டும். நிரந்தரச் சம்பளம் இல்லாத, 60 வயதுக்கு உட்பட்டவர்கள் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் சேர்ந்தால், போடும் தொகைக்கு அரசாங்கம் 20 விழுக்காடு, ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை, கூடச் சேர்க்கிறது. பலகாரம் சுட்டு விற்கும் அக்காமார்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

கோவிட் காலத்துச் சிறப்பு மீட்புகளில் சேமநிதியிலிருந்து நாடு முழுவதும் 145 பில்லியன் ரிங்கிட் வெளியே போனது. கணக்கைக் காலி செய்தவர்களில் தோட்டத்து மக்களும் உண்டு. இழப்பீடு வரும் வாரம் அதைத் திரும்ப நிரப்பத் தொடங்கும் வாரமாக இருக்கட்டும். பணம் போடும்போதே, நமக்குப் பின் அதைப் பெறப்போகும் நியமனதாரர் பெயரையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதியவர்கள் பலர் அதை மாற்றவே இல்லை.