அன்பேவால்: பச்சைப் பூட்டு சரி, வெண்கலம்தான் சரியில்லை

"நூலகத் தேடலில் அன்பேவாலை இணைக்கலாமா?" என்ற கேள்வி நின்றபாடில்லை. (அன்பே, வால் என்று பிரித்துப் படிக்க வேண்டாம், கட்டணச் சுவரை நீக்குவது என்று பொருள்.) டிஓஐ (கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளக் குறியீடு) கொடுத்தால் அந்தக் கட்டுரையின் சட்டப்படியான இலவசப் பிரதி எங்கே கிடைக்கிறது என்று காட்டும் கருவி, 2017 முதல் புழக்கத்தில் இருப்பது. இவ்வளவும் தெரிந்தவர்கள்தான் கேட்கிறார்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வரலாம். பல வருஷம் தினசரி வேலையில் வைத்துப் பார்த்த பிறகும் தீராத எரிச்சல் ஒன்றே ஒன்று. அதன் பெயர் வெண்கலம்.

நியாயமாக நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். உலாவியில் நீட்சியைப் போட்டால் அதன்பின் பராமரிப்பு என்று எதுவும் கிடையாது. கட்டுரைப் பக்கத்தின் வலது ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்து நின்றால் பிரதி உண்டு, சாம்பல் என்றால் இல்லை. நிரல்கள் நேரே தரவு கேட்கும் வழியான ஏபிஐக்குத் தனிச் சாவி வாங்க வேண்டியதில்லை, மின்னஞ்சல் முகவரி போதும். ஒரு நாளைக்கு 1 லட்சம் அழைப்பு வரை எல்லை. சாதாரண நூலகம் எதுவும் அதை எட்டப்போவதில்லை. நூலகங்களுக்கிடையேயான இரவல் கோரிக்கையை வெளியே அனுப்பும் முன் டிஓஐயை ஒரு முறை இதில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், பல கோரிக்கைகள் மேசையிலேயே முடிந்துவிடும். ஆய்வாளர்கள் கட்டுரை பகிரும் ரிசர்ச்கேட், திருட்டுப் பிரதி தரும் சைஹப் பக்கம் இது தலைவைத்தும் படுப்பதில்லை. சட்டப் பிரிவு கேள்வி கேட்டால் பதில் கையில் இருக்கும். இதெல்லாம் காசில்லாமல் கிடைக்கிறது.

இனி வெண்கலம். இலவசப் பிரதிகளை இந்தக் கருவி நான்கு வகையாகப் பிரிக்கிறது. தங்கம் என்றால் இதழே முழுக்கத் திறந்தது. ஹைப்ரிட் என்றால் சந்தா இதழுக்குள் திறந்த உரிமத்தோடு வந்த தனிக் கட்டுரை. பச்சை என்றால் பல்கலைக்கழகம் போன்றவை நடத்தும் இணையக் களஞ்சியத்தில் பிரதி இருக்கிறது (பூட்டின் பச்சை வேறு, இந்தப் பச்சை வேறு). வெண்கலம் என்பது பதிப்பாளர் தளத்தில் படிக்கக் கிடைக்கும், ஆனால் உரிமம் எதுவும் எழுதியிருக்காது. இந்தப் பெயரை வைத்தவர்களே அன்பேவாலின் ஹெதர் பிவோவர், ஜேசன் ப்ரீம் குழுவினர்தான். 2018இல் பீர்ஜே இதழில் வந்த அவர்கள் கட்டுரையில், திறந்து கிடப்பவற்றில் மிகப் பெரிய பங்கே வெண்கலம் என்று வந்தது. ஆக இது ஏதோ ஓரத்தில் கிடக்கும் விதிவிலக்கு அல்ல.

ஒரு கட்டுரை வெண்கலமாவதற்குக் காரணங்கள் பல. இதழை விளம்பரப்படுத்த ஒரு வெளியீட்டை மட்டும் திறந்துவிடுவது உண்டு. 12 மாதம் கழிந்த பழைய இதழ்களைத் திறப்பது உண்டு. 2020 பெருந்தொற்றின்போது பல பதிப்பகங்கள் அது தொடர்பான கட்டுரைகளைத் தற்காலிகமாகத் திறந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று: திறந்தவர் நினைத்தால் மூடலாம், மூடும்போது யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. உரிமம் இல்லாததால் அந்தப் பிடிஎஃபை எடுத்து நம் களஞ்சியத்திலோ பாடத் தளத்திலோ ஏற்றவும் கூடாது. இணைப்பு மட்டும்தான் தரலாம்.

சரி, இது பதிப்பாளர்களின் குணம், கருவியை ஏன் திட்டுவது? இங்கேதான் கோபம் வருகிறது. ஏபிஐ திருப்பித் தரும் பதிலில் 'பெஸ்ட் ஓஏ லொகேஷன்' என்று ஒரு புலம் இருக்கிறது (ஓஏ என்றால் ஓப்பன் ஆக்சஸ், திறந்த அணுகல்). கிடைத்த பிரதிகளில் சிறந்தது இதுதான் என்று அது கைகாட்டும். அதன் வரிசை இப்படி: முதலில் பதிப்பாளர் தளம், அடுத்து இறுதி வடிவத்துக்கு நெருக்கமான பதிப்பு, அதற்கும் அடுத்து நம்பகமான களஞ்சியம். அதாவது மருத்துவக் கட்டுரைகளின் பொதுக் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் அசையாமல் இருக்கும் பிரதியைப் பின்னுக்குத் தள்ளி, நாளைக்கே பூட்டப்படக்கூடிய வெண்கலப் பிரதி முன்னால் வந்து நிற்கும். படிக்க வந்த மாணவருக்கு இது சரியான வரிசைதான்: அச்சான பக்கம், அச்சான பக்க எண். இணைப்பைப் பாதுகாத்து வைக்க வேண்டிய நூலகருக்கு இது தலைகீழ்.

ஆண்டறிக்கை எழுதும்போது இது இன்னும் மோசம். 'ஓஏ ஸ்டேட்டஸ்' புலமும் அந்தச் சிறந்த பிரதியை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. ஆசிரியர்களிடம் கெஞ்சி வாங்கி, பதிப்பகம் விதிக்கும் காத்திருப்புக் காலம் பார்த்து, களஞ்சியத்தில் ஏற்றிய கட்டுரை பதிப்பாளர் தளத்திலும் சும்மா திறந்திருந்தால் 'வெண்கலம்' என்றே எண்ணப்படும். பச்சைக் கணக்கில் உங்கள் உழைப்பு காணாமல் போகும். அடுத்த வருஷம் பதிப்பகம் பூட்டிவிட்டால் அதே கட்டுரை திடீரென்று பச்சையாகும். ஒரு பெரிய பதிப்பகம் தன் பழைய இதழ்களை ஒரே இரவில் பூட்டினால் வரைபடம் வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி ஆகிவிடும். நிர்வாகக் குழுவோ, "நம் களஞ்சியம் ஒரே வருஷத்தில் எப்படி இவ்வளவு வளர்ந்தது?" என்று பாராட்டும். வாங்கிக்கொள்ளவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

மாற்று வழி இருக்கிறது, கருவிக்குள்ளேயே. பச்சைக் கணக்குக்கு ஓஏ ஸ்டேட்டஸைத் தொடவே வேண்டாம். 'ஹேஸ் ரெப்பாசிட்டரி காப்பி' என்ற ஆம்/இல்லை புலத்தை எண்ணுங்கள். இணைப்புக்கு, சிறந்த பிரதியின் ஹோஸ்ட் டைப் 'பப்ளிஷர்' ஆகவும் லைசென்ஸ் காலியாகவும் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, 'ஓஏ லொகேஷன்ஸ்' முழுப் பட்டியலையும் படியுங்கள். அதில் ஹோஸ்ட் டைப் 'ரெப்பாசிட்டரி' என்று இருப்பவற்றில் முதலில் வெளியான பதிப்பு, இல்லையென்றால் ஏற்கப்பட்ட கைப்பிரதி, கடைசியாக முன்அச்சு (மதிப்பீட்டுக்கு முந்தைய வரைவு). முன்அச்சைத் தருவதானால் அது முன்அச்சு என்று திரையில் எழுதிவிட வேண்டும். பின்னால் வந்த திருத்தம் அதில் இருக்காது. களஞ்சியப் பிரதியே இல்லாதபோது மட்டும் வெண்கலத்தைக் காட்டலாம். பைத்தானில் இருபது வரிக்கு மேல் போகாத வேலை. வாசகரைத் தேடலிலிருந்து கட்டுரைக்கு அனுப்பும் இணைப்புத் தீர்ப்பான் மென்பொருள்களை ஆயத்தமாக வாங்கினால், அவற்றில் இந்தத் தேர்வு கையில் கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெண்கல இணைப்பை நூலக அட்டவணையின் மார்க் பதிவில், இணைய முகவரிக்கான 856ஆம் புலத்தில் ஒருபோதும் ஒட்டாதீர்கள். ஒட்டும் முன் ஒரு சோதனை: உரிமத்துக்கான 540ஆம் புலத்தில் எழுத ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்த இணைப்பு அட்டவணைக்கு உரியது அல்ல, அவ்வப்போது ஏபிஐயிடம் கேட்டுக் காட்ட வேண்டியது. பதிலைச் சேமித்துவைப்பதானாலும் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம்.

சரிபார்க்கும்போது நிறையப் பேர் தவறுவது ஐபியில், அதாவது எந்த வலையமைப்பிலிருந்து பார்க்கிறோம் என்பதில். வளாக வலையமைப்புக்குள் உட்கார்ந்து பார்த்தால் சந்தா கட்டிய கட்டுரையும் இலவசம் மாதிரியே திறக்கும். கைபேசியின் சொந்த டேட்டாவில், ப்ராக்ஸி இல்லாமல் பாருங்கள். நீட்சியின் அமைப்புகளில் 'ஓஏ நெர்ட் மோட்' என்று ஒரு தெரிவு இருக்கிறது; அதைப் போட்டால் பூட்டின் நிறமே வகையைச் சொல்லிவிடும். உதவி மேசைக் கணினிகளில் அது போட்டே இருக்க வேண்டும்.

உங்கள் களஞ்சியத்துப் பிரதியையே அன்பேவால் காணவில்லை என்றால் முதலில் உங்கள் பக்கம் பாருங்கள். களஞ்சியப் பதிவுகளை வெளியே தரும் ஓஏஐ-பிஎம்எச் முகவரி உயிரோடு இருக்கிறதா, பதிவில் டிஓஐ எழுதியிருக்கிறதா, பிடிஎஃப் உள்நுழைவு கேட்காமல் திறக்கிறதா என்று பாருங்கள். டிஓஐ இல்லாத பதிவைத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் வைத்துத்தான் பொருத்துகிறது. துணைத்தலைப்பை விட்டுவிட்டு ஏற்றியிருந்தால் பொருத்தம் தவறலாம்.

அன்பேவாலை நடத்தும் நிறுவனத்தின் இன்னொரு கருவியான, இதழ்ச் சந்தாக்களை மதிப்பிடும் அன்சப்பை வைத்துச் சந்தா ரத்து பற்றி யோசிப்பவர்கள், கணக்கில் வெண்கலத்தைச் சேர்ப்பதா என்ற அமைப்பை அணைத்துவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு விடைக்கும் இடையே இருக்கும் இடைவெளிதான், சந்தாவை நிறுத்திய பிறகு வாசகர்கள் வாசலில் வந்து நிற்கப்போகும் கட்டுரைகள்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: 5க்கு 2. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இது என்ன கணக்கு என்றால், ஆண்டறிக்கையின் பச்சைப் பத்தியை மூன்றாவது முறை திருத்தும் மாதத்துக் கணக்கு. நீட்சி எல்லாக் கணினியிலும் இருக்கிறது, அதை யாரும் எடுக்க வேண்டாம்.