எபேசுவில் மண்டபமும் வீடும்

இயேசுவின் சீஷரை உருவாக்க எது நல்லது, மண்டபமா, வீடா? பழைய ரோமப் பேரரசின் எபேசு நகரில் அப்போஸ்தலன் பவுல், திறன்னு என்பவரின் வித்தியாசாலையில், அதாவது பாடம் நடக்கும் மண்டபத்தில், 2 வருஷம் தினமும் பேசினார். பலரை ஒரே நேரத்தில் எட்ட, சரி, மண்டபம்தான் வசதி.

அதே ஊரில் கூடாரம் செய்து பிழைத்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியின் வீட்டிலும் ஒரு சபை கூடியது. பெரிய பேச்சாளரான அப்பொல்லோ அப்போது யோவான் ஸ்நானகன் மனந்திரும்புதலுக்கு அடையாளமாகக் கொடுத்த ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரைக் கூட்டத்தின் நடுவே திருத்தவில்லை. தங்களோடு சேர்த்துக்கொண்டு விளக்கினார்கள். மண்டபத்தில் கேள்வி கேட்கவே கூச்சமாக இருக்கும். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம்; அப்புறம், கோபம் வந்தால், கடன் நெருக்கினால் விசுவாசி எப்படி நடந்துகொள்கிறார் என்று கண்ணால் பார்க்கலாம்.

ஒரு குறை: அந்நியர் வீட்டுக்குள் தானாக வரமாட்டார், போய் அழைக்க வேண்டும். ஆனாலும் சீஷரை உருவாக்க நான் வீட்டையே தேர்ந்தெடுப்பேன். அந்தத் தம்பதி ரோமுக்குப் போனபோது அங்கேயும் அவர்கள் வீட்டில் சபை கூடியது.