மீன்வலை நைலானில் ஒரு ப்ரா: மூன்று வருடம் போட்ட பிறகு

2022 ஏப்ரலில் இரண்டு ப்ராவும் மூன்று பேன்ட்டியும் சேர்த்து வாங்கினேன். ப்ரா ஒவ்வொன்றும் 4,000 ரூபாய்க்கு மேல். ஒன்று மறுசுழற்சி நைலான் லேஸ், இன்னொன்று வேறொரு கம்பெனியில் தேங்கிப்போன பட்டுத் துணியில் தைத்தது. பேன்ட்டிகள் மறுசுழற்சிப் பருத்தி. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். துணியைத் தொட்டுப் பார்ப்பதே வேலை என்பதால், எது எப்போது விட்டுக்கொடுக்கிறது என்று கவனித்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் நைலான். இதில் இருப்பது எக்கோனில் நூல். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011-இல் கொண்டுவந்தது. பழைய மீன்வலை மட்டுமல்ல, கார்ப்பெட்டும் ஆலைக் கழிவும்கூட அதில் சேர்கின்றன. ஸ்லோவேனியாவில் உள்ள ஆலையில் அந்த நைலான் 6 என்ற வகை நைலானை அதன் மூலப்பொருளான கேப்ரோலாக்டமாகவே உடைத்து, சுத்தம் செய்து, மறுபடி நூலாக்குகிறார்கள். அதனால் புது நைலானுக்கும் இதற்கும் பலத்தில் வித்தியாசம் வர வேண்டியதில்லை. என் லேஸும் அதைத்தான் சொல்கிறது. வாரம் இரண்டு முறை போட்டு, கையால் அலசி, நிழலில் உலர்த்தி மூன்று வருடம் ஆகியும் பூ வேலையில் ஒரு இழைகூடப் பிரியவில்லை. சித்திரை வெயிலில் வியர்த்தாலும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

பருத்தி அப்படியில்லை. எங்கள் ஊரில் துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்தெடுத்து, குட்டை இழையையும் நூலாக நூற்கிற ஓப்பன் எண்ட் மில்லுக்கு அனுப்புவது பல வருடமாக நடக்கிற தொழில்தான். துணியைக் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழை குட்டையாகிவிடும். புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலந்தால்தான் நூல் நிற்கும். என் பேன்ட்டிகளில் ஆறாவது மாதமே தொடை ஓரத்தில் பில்லிங், அதாவது துணி மேல் குட்டிக் குட்டி உருண்டைகள், வந்துவிட்டது. உறுத்தவில்லை, ஆனால் அந்த விலைக்கு மனசு ஒப்பவில்லை.

பட்டு ப்ராதான் போடுவதற்கு மிகவும் சுகம். இரண்டாம் வருடம் பக்கவாட்டுத் தையலோரம் துணி விலகியது. அதே துணியில் மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். ரோல் முடிந்துவிட்டது, வேறு நிறம்தான் இருக்கிறது என்றார்கள். தேங்கிய சரக்கில் வாங்கினால் இதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தையலோரத்தில் கொஞ்சம் கூடுதல் துணி விட்டிருக்கலாம். அது தைப்பவர் கையில் இருப்பது.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது எலாஸ்டிக். லேஸ் ப்ராவின் அடிப்பட்டையை இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், மூன்றாம் வருடத்தில் வெள்ளை வெள்ளையாக முடி போன்ற இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே இழுவை தருகிற ஸ்பான்டெக்ஸ் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். லேபிளில் மறுசுழற்சி என்று எழுதியிருந்தது லேஸுக்கு மட்டும். பட்டை, ஸ்ட்ராப், கப்பின் ஃபோம் எல்லாம் புதுச் சரக்கு. அதற்கும் மேலே, நைலானோடு ஸ்பான்டெக்ஸ் கலந்துவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. வலையாக இருந்து லேஸானது திரும்பவும் நூலாவது கஷ்டம்.

அதனால் வாங்குகிறவர்கள் சதவீதத்தைக் கேளுங்கள். ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட்) என்ற மறுசுழற்சிச் சான்றுக்கு 20 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருந்தாலே போதும், பொருளின் மேல் அந்த லேபிள் போடத்தான் 50 வேண்டும். எந்தப் பாகத்தில் எவ்வளவு என்று பதில் சொல்கிற கம்பெனிக்குக் காசு கொடுக்கலாம். அப்புறம், குளோரின் ப்ளீச் வேண்டாம், வெந்நீர் வேண்டாம், டிரையர் வேண்டவே வேண்டாம். ஸ்பான்டெக்ஸை முதலில் கொல்வது இவைதான்.

லேஸ் ப்ராவைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. எங்கள் சாம்பிள் செக்ஷனில் தைக்கிற அக்காவிடம் கொடுத்தேன். பழைய பட்டையைப் பிரித்து, புது எலாஸ்டிக்கை ஜிக்ஜாக் தையலில் வைத்து, ஹூக்கையும் மாற்றித் தந்தார். அரை மணி நேர வேலை. இப்போது நாலாம் வருடம் ஓடுகிறது, லேஸ் வாங்கிய நாளில் இருந்தது போலவே இருக்கிறது.