2016: பதுங்க விடாத வருஷம்

ஸ்ட்ராட்டஜி கேம்களுக்கு, அதாவது வியூகம் வகுத்து ஆடுகிற கணினி விளையாட்டுகளுக்கு, எந்த வருஷம் பொற்காலம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பழைய ஆட்கள் தொண்ணூறுகளின் கடைசியைச் சொல்வார்கள். என் ஓட்டு 2016-க்கு. ஜனவரியில் ஹோம்வேர்ல்ட்: டெசர்ட்ஸ் ஆஃப் காராக், பிப்ரவரியில் எக்ஸ்காம் 2, ஏப்ரலில் ஆஃப்வேர்ல்ட் டிரேடிங் கம்பெனி, மே மாதத்தில் ஸ்டெல்லாரிஸ், அது வந்த சூடு ஆறுவதற்குள் டோட்டல் வார்: வார்ஹேமர், ஜூனில் ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4, அக்டோபரில் சிவிலைசேஷன் 6, டிசம்பரில் ஷேடோ டாக்டிக்ஸ். வேலைக்குப் போகிற மனுஷன் ஒரே வருஷத்தில் ஆடி முடிக்கிற பட்டியலா இது? சிலவற்றை வந்த வாரமே வாங்கினேன், சிலவற்றைத் தள்ளுபடி வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அண்மையில் எல்லாவற்றையும் மறுபடி இன்ஸ்டால் செய்து ஒரு சுற்று ஆடிப் பார்த்தேன்.

நான் பதுங்கி ஆடுகிற ரகம். முதலில் மதில், அப்புறம் களஞ்சியம், அப்புறம் படை. எதிரி வந்து முட்டட்டும், நாம் ஏன் போகவேண்டும் என்று உட்கார்ந்திருப்பேன். இந்த வகை கேம் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். 2016-இல் வந்த நல்ல கேம்கள் எல்லாம் எங்களைக் குறிவைத்தே செய்யப்பட்ட மாதிரி இருந்தன. பத்திரமாக உட்கார்ந்திருந்தால் தோற்றுப்போவாய் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொன்னது. அதை எவ்வளவு நன்றாகச் சொன்னது என்பதை வைத்துத்தான் என் தரவரிசை.

ஏலியன்களோடு முறை வைத்துச் சண்டை போடுகிற எக்ஸ்காம் 2-இல் ஆரம்பிக்கலாம். 2012-இல் வந்த முந்தைய பாகத்தில் ஜெயிக்க ஒரு சோம்பேறி வழி இருந்தது. ஓர் அடி நகர வேண்டியது, எல்லாரையும் ஓவர்வாட்ச்சில் (எதிரி அசைந்தால் தானாகச் சுடுகிற காவல் நிலையில்) நிறுத்த வேண்டியது, ஏலியன் தலை நீட்டினால் சுட வேண்டியது. மந்தமான வழிதான், ஆனால் பலித்தது. கேமைச் செய்த ஃபிராக்ஸிஸ் நிறுவனம் இதைக் கவனித்திருக்கிறது. இரண்டாம் பாகத்தில் நிறைய மிஷன்களுக்குக் கெடு வைத்துவிட்டார்கள். இத்தனை டர்னுக்குள் (முறைக்குள்) ஹேக் செய், இத்தனை டர்னுக்குள் வெளியேறு. கதையும் அதற்குத் தோதாக இருக்கிறது. முதல் போரில் மனிதர்கள் தோற்று இருபது வருஷம் ஆகிவிட்டது, ஏலியன்கள்தான் அரசாங்கம், நாம் தலைமறைவுக் கும்பல். தலைமறைவுக் கும்பல் நின்று நிதானமாகச் சண்டை போட முடியாதே.

கெடு என்ன செய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். இரண்டு டர்ன்தான் பாக்கி. ஹேக் செய்யவேண்டிய கம்ப்யூட்டர் தெருவுக்கு அந்தப் பக்கம். குண்டு வீசுகிற என் வீரன் கிரெனேடியரின் மூளையை செக்டாய்டு என்கிற ஏலியன் பிடித்துவிட்டது, அவன் துப்பாக்கி இப்போது நம் பக்கம் திரும்பியிருக்கிறது. கண் கூசவைக்கிற ஃப்ளாஷ்பேங் குண்டை அதன்மேல் வீசினால் பிடி விடும், ஆனால் அதை வைத்திருப்பது ஸ்பெஷலிஸ்ட். அவளுடைய டிரோன்தான் தூரத்திலிருந்தே ஹேக் செய்யவும் வேண்டும். ரேஞ்சரை வாளோடு ஓடவிடலாம். செக்டாய்டுக்கு வாள் என்றால் ஆகாது, ஒரே வெட்டில் கதை முடியலாம். ஆனால் அவள் ஓடுகிற வழி இதுவரை யாரும் எட்டிப் பார்க்காத மூலை. அங்கே இன்னொரு கூட்டம் தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிட்ட மாதிரி. கெடு இல்லையென்றால் பின்வாங்கி, மூன்று டர்ன் காத்திருந்து எல்லாவற்றையும் சரிபண்ணியிருப்பேன். கெடு இருப்பதால் ஒன்றை விட்டுக்கொடுத்தாக வேண்டும். ரேஞ்சரை ஓடவிட்டேன். செக்டாய்டு செத்தது, கிரெனேடியருக்கு சுயநினைவு வந்தது, மூலையில் வைப்பர் என்கிற பாம்பு ஏலியன் ஒன்று நின்றுகொண்டிருந்தது. நீளமான நாக்கை நீட்டி ரேஞ்சரைச் சுருட்டி இழுத்துக்கொண்டது. ஸ்பெஷலிஸ்ட் ஹேக்கை முடித்தாள். மிஷன் வெற்றி, ரேஞ்சர் போய்ச் சேர்ந்தாள். செத்தவர்கள் திரும்புவதில்லை, பெயர் நினைவுச் சுவருக்குப் போய்விடும்.

இந்தக் கெடு பிடிக்காமல் அந்த வருஷம் பலர் சண்டைக்கு வந்தார்கள். அதைத் தூக்குகிற மோட் (ஆடுகிறவர்களே செய்து பகிர்கிற மாற்றம்) உடனே வந்துவிட்டது. தூக்கிவிட்டு ஆடுவது அவரவர் இஷ்டம். நானும் ஒருமுறை அப்படி ஆடிப் பார்த்தேன், பழைய ஓவர்வாட்ச் ஊர்வலம் திரும்பிவந்தது, பாதியில் மூடிவிட்டேன். தொண்ணூறு சதவீதம் என்று காட்டிவிட்டு குறி தவறுகிறது என்கிற புலம்பலும் ஓய்ந்தபாடில்லை. வேடிக்கை என்னவென்றால், குறைந்த கடினத்தில் ஆடினால் கேம் நமக்குத்தான் சலுகை காட்டுகிறது. வரிசையாகக் குறி தவறினால் அடுத்த குண்டுக்கு வாய்ப்பைத் திரையில் காட்டாமலே கூட்டிக்கொடுக்கிறது. அப்படியும் நமக்கு ஆற்றாமை.

குறை இல்லாமல் இல்லை. வெளியான புதிதில் நல்ல கணினிகளில்கூடத் திணறியது, லோடிங் திரை முடிவதற்குள் வாசலுக்குப் போய்விட்டு வந்துவிடலாம். 2017-இல் வந்த வார் ஆஃப் தி சோசன் என்கிற விரிவாக்கம் நிறைய சரிசெய்தது. இப்போது வாங்குபவர்கள் அதோடு சேர்த்தே வாங்குவது நல்லது.

இனி எனக்கு அந்த வருஷத்தில் முதலிடம். ஆஃப்வேர்ல்ட் டிரேடிங் கம்பெனி. பெயரைக் கேட்டு நகர்ந்துபோனவர்கள் அதிகம், படத்தைப் பார்த்து நகர்ந்துபோனவர்கள் அதைவிட அதிகம். செவ்வாய் கிரகம், செம்மண், நான்கைந்து தொழிற்சாலை, மேலே மிதக்கிற சரக்கு பலூன். படை கிடையாது, துப்பாக்கி கிடையாது. ஆனாலும் ரியல்டைம் ஸ்ட்ராட்டஜி, முறைக்குக் காத்திருக்காமல் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆடுகிற வகை. சிவிலைசேஷன் 4-ஐ வடிவமைத்த சோரன் ஜான்சனின் மோஹாக் கேம்ஸ் செய்தது. போர்க்களம் என்பது இடது ஓரத்தில் ஓடுகிற விலைப்பட்டியல்தான். மின்சாரம், தண்ணீர், உணவு, ஆக்ஸிஜன், எரிபொருள், அலுமினியம், இரும்பு, எஃகு, கார்பன், சிலிக்கான், கண்ணாடி, ரசாயனம், எலக்ட்ரானிக்ஸ் என்று 13 சரக்கு. வாங்கினால் ஏறும், விற்றால் இறங்கும். போட்டிக் கம்பெனியின் பங்கு முழுவதையும் வாங்கிவிட்டால் அவன் கதை முடிந்தது. அவனும் உங்கள் பங்கின்மேல் கண் வைத்துத்தான் உட்கார்ந்திருப்பான்.

இதில் பதுங்கவே முடியாது. ஆட்டம் தொடங்கும்போதே அதைத் தெரியப்படுத்திவிடுகிறது. யார் முதலில் தலைமையகம் போடுகிறார்களோ அவர்களுக்கு நல்ல நிலம். ஆனால் முந்துகிறவருக்கு மேப்பில் பாதி இன்னும் தெரியாது. இன்னும் கொஞ்சம் தேடிப் பார்க்கலாம் என்று இருப்பவருக்கு விவரம் கிடைக்கும், நிலம் போய்விடும். நிலமோ எண்ணி எண்ணித்தான் கொடுப்பார்கள். எல்லாச் சரக்கையும் நாமே தயாரித்துக்கொள்வோம் என்கிற களஞ்சியப் புத்தி இங்கே எடுபடாது.

கண்ணாடி விலை ஏறுகிறது என்று வையுங்கள். தலைமையகத்தை அடுத்த கட்டத்துக்கு உயர்த்தப் பலருக்கும் கண்ணாடி வேண்டியிருப்பதால் ஏறுகிறது. என்னிடம் இரண்டு கண்ணாடித் தொழிற்சாலை. இப்போதே விற்கலாமா, இன்னும் ஏறட்டுமா? பக்கத்துக்காரனும் சிலிக்கான் சுரங்கம் ஒட்டி அடுத்தடுத்து மூன்று கட்டுவது தெரிகிறது. ஒரே வகைக் கட்டடங்கள் ஒட்டியிருந்தால் உற்பத்தி கூடும், ஆகவே அவன் சரக்கு சந்தைக்கு வந்தால் விலை சரியும். கருப்புச் சந்தையில் மின்காந்த வெடி ஒன்று கிடைக்கிறது, அதைப் போட்டால் அவன் தொழிற்சாலைகள் கொஞ்ச நேரம் செத்துக் கிடக்கும். அந்த இடைவெளியில் நான் விற்றுவிடலாம். ஆனால் அவன் அந்த இடத்துக்குக் காவல் கும்பலை வாங்கி வைத்திருந்தால் என் காசு போச்சு, வெடியும் அவன் கைக்குப் போகும். இத்தனையும் யோசித்து முடிப்பதற்குள் விலை இரண்டு படி இறங்கிவிட்டது. யாரோ ஒருவன் யோசிக்காமல் விற்றுவிட்டான்.

ஓர் ஆட்டம் அரை மணி நேரம் போல. முடிந்ததும் மூச்சு வாங்கும். ஒரு துப்பாக்கிகூட வெடிக்காத கேமில் இவ்வளவு வன்மமா என்று எனக்கே சில சமயம் கூச்சமாக இருந்திருக்கிறது. கடன் வாங்குவதும் இதில் ஓர் ஆயுதம்தான். கையில் காசு இல்லாவிட்டாலும் உங்கள் ஆட்களுக்கான ஆக்ஸிஜனைக் கேமே சந்தை விலைக்குத் தானாக வாங்கிவிடும், கடன் ஏறும், பங்கு விலை விழும், விழுந்த பங்கை எதிரி வாங்குவான். ஆக்ஸிஜன் விலையை வேண்டுமென்றே ஏற்றிவிட்டு ஒருவனைச் சாய்க்கிற சுகத்தைப் பற்றி வீட்டில் சொல்ல முடியாது. ரோபோட்டிக் கம்பெனியை எடுத்தால் உங்களுக்கு உணவும் ஆக்ஸிஜனும் தேவையில்லை. அதை எடுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்வது இன்னும் அநியாயம்.

இசை கிறிஸ்டோபர் டின். அதே வருஷம் சிவிலைசேஷன் 6-க்கு முகப்பு இசை போட்டவரும் அவர்தான். அங்கே கம்பீரம், இங்கே அடக்கம்.

ஒரு நாகரிகத்தை ஆதிகாலத்திலிருந்து வளர்க்கிற சிவிலைசேஷன் 6 பற்றி ஊரே பேசிவிட்டது. அதன் பெரிய யோசனை டிஸ்ட்ரிக்ட். முந்தைய பாகங்களில் நூலகம், சந்தை, கோயில் எல்லாவற்றையும் ஒரே நகரத்துக்குள் அடுக்கிக்கொண்டே போகலாம். இங்கே ஒவ்வொரு வகைக்கும் மேப்பில் தனி இடம் வேண்டும். கல்வி வளாகம் மலைக்குப் பக்கத்தில் என்றால் கூடுதல் அறிவியல், வணிக மையம் ஆற்றங்கரையில் என்றால் கூடுதல் காசு. உலக அதிசயம் கட்டினாலும் ஒரு கட்டம் போய்விடும். மக்கள்தொகைக்கு ஏற்பத்தான் டிஸ்ட்ரிக்ட் எண்ணிக்கை. எந்த நகரம் எதற்கு என்று ஆரம்பத்திலேயே முடிவெடுக்க வேண்டும், விளைநிலத்தை இழந்துதான் கல்வி வளாகம் வரும். யூரேகாவும் அருமையான யோசனை. கவண் வீரனை வைத்து ஓர் எதிரியைக் கொன்றால் வில்வித்தை ஆராய்ச்சியில் கணிசமான தூரம் தானாகக் கடந்துவிடும். உட்கார்ந்த இடத்தில் ஆராய்ச்சி செய்வதைவிட வெளியே போய் எதையாவது செய்வது லாபம்.

அப்படியானால் ஏன் முதலிடம் இல்லை? எதிராளிகளால். வெளியானபோது ஏஐ-க்கு, அதாவது கணினியே ஆடுகிற எதிராளிக்கு, மதிலுள்ள நகரத்தைப் பிடிக்கத் துப்பில்லை. பீரங்கிக் காலத்தில் பழைய வீரர்களை வைத்துக்கொண்டு சுற்றிவரும். ஆனால் வாய் மட்டும் ஓயாது. ஒரு தலைவர் வந்து உன் படை சின்னது என்று இளக்காரமாகப் பேசுவார், இன்னொருவர் நேற்று வரை நண்பராக இருந்துவிட்டு இன்று கண்டனம் தெரிவிப்பார். ஒவ்வொருவருக்கும் ஓர் ஆசை வெளிப்படையாக, ஓர் ஆசை மறைவாக என்று வைத்தது காகிதத்தில் நல்ல ஏற்பாடு. ஆட்டத்தில் அது கூட்டுக்குடும்பத்துக் கல்யாணம் மாதிரி ஆகிவிட்டது, யார் எதற்குக் கோபித்துக்கொண்டார்கள் என்பதே தெரியாது. நூறு டர்னுக்கு மேல் பயப்பட எதுவும் இல்லாததால் நான் பழையபடி சுவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். பின்னால் வந்த விரிவாக்கங்கள் இதைக் கொஞ்சம் தேற்றின.

மாயாஜால உலகப் படைகள் மோதுகிற டோட்டல் வார்: வார்ஹேமரில் என்னை அசைத்தது டிராகனோ பூதமோ கிடையாது, ஒரு தடை. குள்ளர்களும் பச்சைத்தோல்காரர்களான ஆர்க்குகளும் ஒருவர் கோட்டையை ஒருவர் பிடிக்கலாம். மனிதர் நகரங்களைச் சூறையாடலாம், இடிக்கலாம், குடியேற முடியாது. மனிதர்களின் எம்பயரும் ரத்தக்காட்டேரிகளான வாம்பயரும் மலைக்கோட்டைகளில் குடியேற முடியாது. மேப் முழுக்க ஒரே நிறம் பூசுகிற டோட்டல் வார் பழக்கத்தைக் கையைப் பிடித்து நிறுத்தியது இது. தொடரின் பின்பாகங்களில் தளர்த்திவிட்டார்கள், எனக்கு வருத்தம்தான். படைகளும் நிஜமாகவே வேறு வேறு. குள்ளர்களிடம் குதிரைப்படை இல்லை, வாம்பயரிடம் வில்லாளி இல்லை, வாம்பயரின் பிணப்படை பயந்து ஓடாமல் நின்ற இடத்தில் உதிர்ந்துபோகும். ஆர்க்குகளைச் சண்டை இல்லாமல் சும்மா வைத்திருந்தால் தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்ளும். பதுங்குகிறவனுக்கு இதைவிட நல்ல தண்டனை யோசிக்க முடியாது. முற்றுகைப் போர் மட்டும் சப்பென்று இருந்தது. எப்போதும் ஒரே பக்கத்துச் சுவர், ஒரே மாதிரி ஏணி.

விண்வெளிப் பேரரசு கட்டுகிற ஸ்டெல்லாரிஸ் அப்போது வேறு கேம். முதல் சில மணி நேரம் அபாரம். ஆராய்ச்சிக் கப்பலை இருட்டுக்குள் அனுப்பி, கிடைக்கிற மர்மத்தை நோண்டலாமா என்று யோசிக்கும்போது இத்தனை சதவீதம் ஆபத்து என்று காட்டும், நோண்டினால் விஞ்ஞானி செத்தும்போவார். அப்புறம் எல்லைகள் உறைந்துவிடும், கப்பல் கட்ட தாது சேர்வதைப் பார்த்துக்கொண்டு வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்போம். எனக்குப் பிடித்த மாதிரி உட்காரவிட்ட கேம், அந்த வருஷத்தில் எனக்குச் சலித்த கேமும் அதுதான். 2018-இல் மூன்று விதப் பயண முறையை ஒன்றாகச் சுருக்கினார்கள், அதே வருஷக் கடைசியில் கிரகங்களை நிர்வகிக்கிற முறையையே மாற்றினார்கள். இன்று வாங்குபவர் 2016-இல் நான் சலித்ததை ஆடப்போவதில்லை.

இரண்டாம் உலகப் போர் கேமான ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4-ஐ ஜூன் 6-ஆம் தேதி வெளியிட்டார்கள், நார்மண்டி தரையிறக்கத்தின் தேதி. மேப்பில் கோடு கிழித்து, அம்புக்குறி வரைந்து, படையை அனுப்புவது சுகமாக இருக்கும். ஆனால் அந்த கேமின் உயிர் தொழிற்சாலைத் திரையில் இருக்கிறது. பழைய டாங்கியைத் தயாரித்துக்கொண்டிருக்கும் வரிசையைப் புதிய மாடலுக்கு மாற்றினால் உற்பத்தித் திறன் விழும். மோசமான டாங்கி நிறைய வேண்டுமா, நல்ல டாங்கி கொஞ்சம் வேண்டுமா? போர் தொடங்குகிற தேதி உங்களுக்குத் தெரியும், அதனால் வயிற்றைப் பிசையும். கற்றுக்கொள்வதற்குள் தாவு தீர்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டெசர்ட்ஸ் ஆஃப் காராக்கின் பாலைவனம் அழகு, சண்டை சுமார்.

ஷேடோ டாக்டிக்ஸ் டிசம்பரில் வந்ததால் பல வருஷக் கடைசிப் பட்டியல்களில் அதற்குக் கிடைக்கவேண்டிய இடம் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம். 1615-ஆம் வருஷ ஜப்பான், ஐந்து பேர், பார்வை வளையத்துக்குள் சிக்காமல் காவலர்களை ஒவ்வொருவராகச் சாய்க்கவேண்டும். இதில் பதுங்குவதுதான் வேலையே. ஆனால் பதுங்கிய இடத்தில் தங்கவிடாது. பனியில் நடந்தால் கால்தடம் விழும், காவலன் அதைப் பிடித்துக்கொண்டு வருவான். சாமுராய் முகென் சாக்கே (ஜப்பானிய அரிசி மது) பாட்டிலை வைத்தால் சாதாரணக் காவலன் வந்து எடுப்பான், வைக்கோல் தொப்பிக்காரன் இடத்தைவிட்டு அசையமாட்டான். சேவ் செய்து நேரமாகிவிட்டது என்று திரையில் கடிகாரம் காட்டி ஞாபகப்படுத்துகிற நாகரிகம் வேறு. செய்த மிமிமி நிறுவனம் 2023-இல் கடையை மூடுவதாக அறிவித்தது. அவர்களுடைய கேம்கள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன.

இப்போது யாராவது இவற்றில் ஒன்றுதான் வாங்குவேன் என்றால் ஆஃப்வேர்ல்டைச் சொல்வேன். பழைய கணினியிலும் ஓடும், தனியாக ஆட காம்பெயின் உண்டு, டுடோரியலைத் தாண்டாமல் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாங்கலாம் என்றால் கூடவே எக்ஸ்காம் 2. கெடுவைத் தூக்குகிற மோடை முதல் மிஷனிலேயே தேடாமல், ஒரு பத்து மிஷன் பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.