27 டிகிரியா, 31 டிகிரியா?

ஒரே நீச்சல் குளம். காலையில் போட்டிக்குப் பயிற்சி எடுப்பவர்கள், பத்து மணிக்கு மூட்டுவலிக்காரர்கள், மாலையில் கைக்குழந்தையோடு அம்மாக்கள். தண்ணீரை 27 டிகிரி செல்சியஸில் வைப்பதா, 31-லா?

வேகமாக நீந்துகிறவர்களுக்கு 27 சரி. சர்வதேசப் போட்டி விதியே 25 முதல் 28 வரை என்கிறது. தசைகள் உண்டாக்கும் சூட்டைத் தண்ணீர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். 31-ல் அது மந்தமாகிவிடும், ஆள் சீக்கிரம் களைத்துப்போவார்.

ஆனால் கைக்குழந்தைக்கு 27 குளிர்தான். எடையோடு ஒப்பிட்டால் தோல்பரப்பு அதிகம் என்பதால் உடம்புச் சூடு வேகமாக இறங்கிவிடும். மெதுவாகக் கைகால் அசைக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் 31 இதம். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் கதை வேறு, சூடு பலரைத் தளர்த்திவிடும்.)

31-க்குச் செலவு கூடுதல்: தண்ணீர் அதிகம் ஆவியாகும், குளோரினும் சீக்கிரம் தீரும்.

சின்னக் குளம் தனியாக இருந்தால் அதை மட்டும் 31-க்கு ஏற்றி, பெரியதை 27-லேயே விடலாம். ஒரே குளம்தான் என்றால் 29. யாருக்கும் முழுசாகப் பிடிக்காது, ஆனாலும் வேறு வழியில்லை. வேளைக்கு வேளை மாற்றலாமே என்று கேட்பார்கள். அவ்வளவு தண்ணீரில் ஒரு டிகிரி ஏறவே பல மணி நேரம் ஆகும்.